நெய்வேலியில் குடித்தனம் கட்டுப்படியாகுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து சந்தா ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திருக்கோவிலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவரின் அக்காள் மகன் வந்து நின்றார். ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். சுரங்கத்தில் வேலை எடுத்திருக்கும் ஒரு காண்ட்ராக்டர் அவரை வரச்சொல்லியிருக்கிறார். பிடித்தம் போகக் கையில் 18,000 ரூபாய் கிடைக்கும் என்று வாக்கு. ஊரில் மனைவி, இரண்டு சிறு குழந்தைகள், வயதான தாயார்.

"தோழர், மாமா உங்களைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். குடும்பத்தோடு இங்கே வந்துவிடலாமா? நெய்வேலி என்ன சென்னையா? சுற்றிலும் கிராமம்தானே. வாடகை சல்லிசாகத்தானே இருக்கும்?"

இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. விருத்தாசலத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும், ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து இறங்கும் ஒவ்வொரு தொழிலாளியும் கேட்கிற கேள்வி இது. பதில் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வாடகை குறைந்தால் மலிவா?

ஓர் ஊரில் வாடகை குறைவாக இருப்பது ஒரு விஷயம். அது நமக்குக் கட்டுப்படியாவது வேறு விஷயம். சென்னையில் ஒரு வீட்டுக்கு 10,000, இங்கே அதே மாதிரி வீட்டுக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி விலை என்று மகிழ்ந்துவிடலாமா? அங்கே கிடைக்கும் கூலியிலும் பாதிதான் இங்கே கிடைக்கிறது என்றால், மலிவு எங்கே இருக்கிறது? வாடகையைத் தனியாக வைத்துப் பார்ப்பவன் ஏமாந்து போவான். கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் இருக்கும்போது ரூபாயாகக் கண்ணில் படாத வரவுகள் பல. தகப்பனார் கட்டிய ஓட்டு வீட்டுக்கு வாடகை கிடையாது. அடுப்புக்கு விறகு காட்டிலிருந்து வந்துவிடும். கொல்லையில் முருங்கை, கொட்டகையில் ஒரு மாடு. நடவுக்கும் களைக்கும் போய் மனைவி கொண்டுவரும் கூலி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி. இவை எதற்கும் ரசீது இல்லை. ஆகவே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரை விட்டுக் கிளம்பிய மறுநாளே இவை அத்தனையும் செலவுக் கணக்கில் வந்து ஏறிக்கொள்ளும்.

மனைவிக்கு இங்கே வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை உண்டு. உடைத்த அளவுக்குத்தான் கூலி. கைக்குழந்தையோடு எவ்வளவு உடைக்க முடியும்? முதல் ஆறு மாதத்துக்கு மனைவியின் கூலி பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுவதே பத்திரம்.

இரண்டு நெய்வேலி

நெய்வேலி என்று ஓர் ஊர் இல்லை. இரண்டு ஊர்கள் இருக்கின்றன.

1935-ல் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்காரர் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருளில் இந்த ஊரின் கதை தொடங்குகிறது. 1956 நவம்பர் 14-ல் மத்திய சர்க்காரின் ஸ்தாபனமாக நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957 மே மாதத்தில் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் கொடுத்தது. தொழிலாளிக்கு வீடு இல்லாமல் சுரங்கம் ஓடாது என்பது அன்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சுரங்கத்தோடு சேர்ந்து டவுன்ஷிப்பும் எழுந்தது. வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், நிழல் தரும் மரங்கள் நின்ற சாலைகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர். குடியிருப்பவரின் சம்பளத்திலிருந்து வீட்டுக்காகப் பிடிப்பது சிறு தொகை. இது முதல் நெய்வேலி.

இரண்டாவது நெய்வேலி, வளைவுக்கு வெளியே இருக்கிறது. மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர், கங்கைகொண்டான், அதற்கப்பால் வடலூர், குறிஞ்சிப்பாடி வரை. காண்ட்ராக்ட் தொழிலாளி இங்கேதான் வாடகைக்கு இருக்கிறான். அதே சுரங்கம், அதே ஷிப்ட், அதே தூசி. ஆனால் ஒருவனுக்கு வீடு சம்பளத்தோடு வருகிறது. மற்றவனுடைய சம்பளமே வீட்டுக்குப் போகிறது.

முதல் நெய்வேலி வளர்கிறதா? இல்லை. 2001 கணக்கெடுப்பில் டவுன்ஷிப்பின் ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம். 2011-ல் அது சுமார் 1 லட்சத்து 5 ஆயிரமாகக் குறைந்தது. நிரந்தரத் தொழிலாளி ஓய்வுபெற்று வெளியேறுகிறான். அந்த இடத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி உள்ளே வருகிறான். வேலை அவனுக்கு வருகிறது, வீடு வருவதில்லை. 2023 ஜூலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது பணி நிரந்தரமே முதல் கோரிக்கை. அந்தக் கோரிக்கைக்குள்ளே ஒரு வீடும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுக்காரர் சொல்லாத கணக்கு

வாடகை எவ்வளவு என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு தொகை சொல்வார். உண்மையில் அந்த வீட்டுக்கு நாம் கொடுக்கப்போவது வேறு தொகை.

முதலில் முன்பணம். 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் முன்பணம் கூடலாம் என்று ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவன் எதைச் சொன்னாலும் எழுதிக் கொடுக்கத்தானே செய்வான்? அந்த முன்பணத்தை வட்டிக்கு வாங்கினால், வட்டியும் வாடகைதான்.

அடுத்தது மின்சாரம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்பது வீட்டு இணைப்புக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. ஆனால் ஒரு மீட்டரில் நான்கு குடித்தனம் ஓடினால் என்ன ஆகிறது? நான்கு குடும்பம் அனுபவிக்க வேண்டிய சலுகை ஒன்றாகச் சுருங்குகிறது. எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறுகிறது. வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். வீடு பார்க்கப் போகும்போது, 'தனி மீட்டரா, உள்மீட்டரா?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

பிறகு தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். இப்படி இறைத்து இறைத்து எங்கள் கிணறுகள் கீழே போய்விட்டன என்பது சுற்றுக் கிராமத்து விவசாயிகளின் நெடுநாளைய குறை. சுற்றுவட்டார நீரும் மண்ணும் கெட்டிருப்பதாக 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு ஓர் ஆய்வும் வெளியிட்டது. ஆகவே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது குடிக்கும் தண்ணீரா என்று பக்கத்துக் குடித்தனத்துப் பெண்களிடம் கேட்க வேண்டும். கேன் தண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறார்கள் என்றால் அதுவும் வாடகையோடு சேர வேண்டிய தொகை.

கடைசியாகக் கூரை. மலிவாகக் கிடைக்கும் வீடு பெரும்பாலும் ஷீட் போட்ட வீடு. சித்திரை வெயிலில் நடுப்பகலில் அதற்குள் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் பகலில்தானே தூங்க வேண்டும்? தூக்கமில்லாத எலக்ட்ரீஷியன் மறுநாள் உயர் அழுத்தக் கம்பியருகே போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூர் ஜில்லாவைப் புரட்டியபோது முதலில் பறந்தவை குடிசைகளும் ஷீட் கூரைகளும்தான். வாடகையில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் அன்று யாரைக் காப்பாற்றியது?

நான் செய்த தவறு

இங்கே என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் 2,000 ரூபாய் வாடகை குறைவு என்று கேள்விப்பட்டு, 'அங்கே போங்கள், நல்ல காற்று, நல்ல ஜனங்கள்' என்று அனுப்பிவைத்தேன்.

நடந்தது என்ன? இரண்டாம் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அந்தக் கிராமத்துக்குப் பஸ் கிடையாது. தவணையில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். போக வர 30 கிலோமீட்டர். மாதம் 26 நாளைக்கு 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும் மாதம் 15 லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று இன்றைய கணக்கில் போட்டால் 1,560 ரூபாய். டயரையும் ஆயிலையும் தவணையையும் சேர்த்தால், மிச்சம் என்று நான் சொன்ன 2,000 ரூபாய் போன இடம் தெரியவில்லை. ஒரு நாள் நடுராத்திரி குழந்தைக்கு ஜுரம் ஏறிவிட்டது, தகப்பனார் ஷிப்டில், தாயார் ஆட்டோவுக்கு அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குழந்தை பிழைத்தது. வருஷம் முடிவதற்குள் அவர்கள் மந்தாரக்குப்பத்துக்கே திரும்பி, மறுபடி ஒரு முன்பணமும் லாரிக் கூலியும் கொடுத்துக் குடி புகுந்தார்கள்.

அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. நான் வாடகையைப் பார்த்தேன், ஷிப்டைப் பார்க்கவில்லை. தூரமும் வாடகைதான். அதை வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் பெட்ரோல் பங்க்கில் கொடுக்கிறோம், அவ்வளவே வித்தியாசம்.

போக்கியமும் மனையும்

வாடகைக்குப் பயந்து சிலர் போக்கியத்துக்குப் போகிறார்கள். மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருக்கலாம்; போகும்போது பணம் திரும்பி வரும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று லட்சம் எங்கிருந்து வருகிறது? சேமிப்பிலிருந்து என்றால் சரி. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி 6,000 ரூபாய்! வாடகையைவிட வட்டி பெரிதாகிவிட்டது. வீடு ஏற்கனவே பாங்கியில் அடமானத்தில் இருந்தால், ஒரு நாள் பாங்கிக்காரர்கள் வந்து பூட்டிவிட்டுப் போவார்கள். வில்லங்கம் பார்க்காமல், பத்திரம் பதிவு செய்யாமல் போக்கியத்துக்குப் பணம் கொடுப்பது, பணத்தை வாய்க்காலில் விடுவது போலத்தான்.

வேறு சிலர் மனை வாங்குகிறார்கள். விக்கிரவாண்டி-தஞ்சாவூர் நாற்கரச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து சாலையோரமெங்கும் கல் நட்டு, கொடி கட்டி, தவணைக்கு மனை என்று கூவுகிறார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அங்கீகாரம் உண்டா, பட்டா யார் பேரில், வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நெய்வேலியில் இன்னொரு கேள்வியும் உண்டு: சுரங்க விஸ்தரிப்புக்கு அந்த நிலம் தேவைப்படுமா? 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் விட்டு நின்ற நெல்வயலில் மண் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த நிலங்கள் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்றார்கள். நெல் நட்ட விவசாயியின் கதியே இது என்றால், தவணையில் மனை வாங்கிய காண்ட்ராக்ட் தொழிலாளியின் கதி என்ன? கிராம நிர்வாக அலுவலரையும் நில எடுப்பு அலுவலகத்தையும் கேட்காமல் இந்தப் பகுதியில் ஒரு சென்ட் கூட வாங்கக் கூடாது.

வேலையின் உறுதியையும் எண்ண வேண்டும். 1962-ல் ஓடத் தொடங்கிய அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. அதே 2020-ல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்து தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளும் உண்டு. ஒரு வருஷ காண்ட்ராக்டை நம்பி இருபது வருஷக் கடன் வாங்குகிறவன், தன் கையெழுத்தை மட்டுமல்ல, தன் குடும்பத்தின் கழுத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறான்.

சர்க்கார் போட்ட கணக்கு

சம்பளத்தில் எத்தனை பங்கு வீட்டுக்குப் போகலாம்? 'மூன்றில் ஒரு பங்கு, 30 சதவீதம் வரை போகலாம்' என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1969-ல், சர்க்கார் குடியிருப்பில் இருக்கும் ஏழையிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1981-ல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். அதாவது, ஏழையைக் காப்பாற்றப் போட்ட வரம்பு அது. இங்கே அதை ஏழை கொடுக்க வேண்டிய அளவாக மாற்றிவிட்டார்கள்!

இனி நம் சர்க்காரின் கணக்கைப் பார்ப்போம். நெய்வேலிச் சுரங்கம் துவங்கிய அதே 1957-ல், ஜூலை மாதம் டில்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சர்க்காரும் சேர்ந்து, தேவையை ஒட்டிய குறைந்தபட்சக் கூலிக்கு இலக்கணம் வகுத்தார்கள்: ஒரு குடும்பத்துக்கு உணவு, துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியன. 1991-ல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் சுப்ரீம் கோர்ட், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை ஆகியவற்றுக்கென்று 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு.

2020-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட சம்பளச் சட்டத் தொகுப்பின் நகல் விதிகள் இந்த இலக்கணத்தை இப்படி எழுதின: எரிபொருள், மின்சாரம், சில்லறைச் செலவு குறைந்தபட்சக் கூலியில் 20 சதவீதம். படிப்பு, வைத்தியம் முதலியவை 25 சதவீதம். வீட்டு வாடகை? உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு.

பென்சிலை எடுங்கள். கூலி 18,000 என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள் வகையில் 3,600. படிப்பு, வைத்தியத்துக்கு 4,500. மீதி 9,900. இதில் உணவும் துணியும் 9,000. அதில் பத்தில் ஒரு பங்கு வாடகை 900. மொத்தம் 18,000, கணக்குச் சரி. சர்க்காரின் கணக்கில் வாடகை 900 ரூபாய், அதாவது கூலியில் வெறும் 5 சதவீதம்!

வாசகர்களே, 900 ரூபாய்க்கு நெய்வேலியைச் சுற்றி ஒரு குடும்பம் இருக்க எந்த வீடு இருக்கிறது? மாட்டுக்கொட்டகை கிடைக்குமா?

கூலியை நிர்ணயிக்கும்போது வாடகை 5 சதவீதம் என்கிறார்கள். வீடு தேடும்போது 30 சதவீதம் கொடு என்கிறார்கள். 30 சதவீதம் என்றால் 5,400 ரூபாய். 5,400-க்கும் 900-க்கும் வித்தியாசம் 4,500. இந்த 4,500 எங்கே இருந்து வரும்? மேலே பாருங்கள்: படிப்புக்கும் வைத்தியத்துக்கும் சுப்ரீம் கோர்ட் சொன்ன 25 சதவீதம் முழுதும் அதே 4,500-தான்! பிள்ளையின் பள்ளிக்கூடமும் தாயாரின் மருந்தும் சுவருக்கும் கூரைக்கும் போய்விடுகின்றன. இதைத்தான் 'கட்டுப்படியாகும் வீடு' என்று சொல்கிறார்கள்.

அந்தக் குடும்பக் கணக்கில் புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள் மட்டுமே உண்டு. வயதான தாயார் கிடையாது. நம் வீடுகளில் தாயாரை எங்கே வைப்பது?

ஐந்து சதவீதம் கனவா?

5 சதவீத வாடகை என்பது நடக்காத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1923-லிருந்து 1934 வரை ஆஸ்திரியாவின் வியன்னா நகரசபை, வீட்டு வரி போட்டு, பணக்காரனின் மாளிகைக்கு அதிகமாகவும் தொழிலாளியின் அறைக்குக் குறைவாகவும் வசூலித்து, 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அந்த வீடுகளில் தொழிலாளி கொடுத்த வாடகை, கூலியில் சுமார் 4 சதவீதம். சோவியத் நாட்டில் 1928-ல் நிர்ணயித்த வாடகை விகிதம் பல பத்தாண்டுகள் உயர்த்தப்படவில்லை. அங்கே வீட்டுக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. வாடகையைக் குறைத்தால் போதாது, வீட்டையும் கட்ட வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

தூர தேசத்துக்கு ஏன் போக வேண்டும்? வளைவுக்கு உள்ளே போய்ப் பாருங்கள். குவார்ட்டர்ஸில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளி, சிறு தொகைக்குக் கௌரவமான வீட்டில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்து காட்டியிருக்கிறான். அதனால் நிறுவனம் அழிந்துவிட்டதா? 2011-ல் நவரத்னா அந்தஸ்து அல்லவா பெற்றது! 2013-ல் மத்திய சர்க்கார் அதன் பங்குகளை விற்க முனைந்தபோது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் தமிழ்நாட்டு சர்க்காரின் ஸ்தாபனங்களே பங்குகளை வாங்கின. யாரும் வாங்கத் துடிக்கும் அளவுக்கு லாபகரமான ஸ்தாபனம், தன் சுரங்கத்தில் உழைப்பவனுக்கு வீடு கொடுக்க வக்கில்லை என்று சொல்ல முடியுமா?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1872-ல் குடியிருப்புப் பிரச்னை பற்றி எங்கெல்ஸ் எழுதிய காலத்திலேயே தெரிந்த விஷயம்: முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருந்தால், வேலை போன அன்று வீடும் போகும். ஆகவே கம்பெனியின் தயவில் ஒரு அறை என்பதல்ல நம் கோரிக்கை. எழுத்திலான விதி, எழுத்திலான உரிமை வேண்டும்.

இன்னொன்று. வெளி நெய்வேலியில் வாடகைக்கு விடுகிற எல்லோரும் நம் பகைவர்களல்ல. நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வந்த தொகையில் மூன்று அறை கட்டி அதை வைத்துப் பிழைக்கும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வைப்பு நிதியில் வீடு கட்டியவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போடுவதால் 900 ரூபாய் 5,400 ஆகிவிடாது. நிலத்தை இழந்தவனும் வீட்டை இழந்தவனும் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொண்டால், மேலே இருப்பவர்களுக்குத்தான் நிம்மதி.

என்ன செய்வது?

அந்த இளைஞரிடம் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தைக் கொடுத்து எழுதச் சொன்னேன். 'சதவீதத்தை மறந்துவிடுங்கள். விட முடியாத செலவுகளை முதலில் எழுதுங்கள். மிச்சம் நிற்பதுதான் வீட்டுக்கு.'

எழுதினார். ரேஷன் அரிசி போக மளிகை, காய், பால், காஸ் 8,500. பிள்ளைகளுக்கும் தாயாருக்கும் மருந்து, பள்ளி 2,000. போக்குவரத்து 1,200. போன் 400. ஊர்க்கடன் தவணை 2,500. நல்லது கெட்டதுக்கு 800. கூட்டினால் 15,400. பதினெட்டாயிரத்தில் கழித்தால் 2,600. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 600 எடுத்தால் வாடகைக்கு 2,000 ரூபாய்!

ரசீதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாடகை கூடுதல் என்று நினைத்து வந்தேன் தோழர். கூலி அல்லவா குறைச்சல்!" என்றார்.

ஆமாம். அதுதான் விஷயம்.

அவருக்கு நான் சொன்ன யோசனை இது. முதல் மூன்று மாதம் தனியாக வாருங்கள். நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். சொன்ன கூலி சொன்ன தேதியில் வருகிறதா, வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பிடித்துக் கட்டுகிறார்களா என்று பாருங்கள். ஊர் வீட்டை விற்காதீர்கள். வீட்டைப் பகலில் ஒரு முறை, இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ரேஷன் கார்டை மாற்றும்வரை சும்மா இருக்க வேண்டாம். 2020-லிருந்து மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்க வழி பிறந்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைச் சங்கத்தில் காட்டுங்கள்.

ஆனால் இது ஒருவர் தப்பிக்கும் வழி. ஆயிரக்கணக்கானவர்கள் தப்பிக்க வேறு வழி வேண்டும். ஆகவே நாம் கோருகிறோம்:

காலியாக நிற்கும் குவார்ட்டர்ஸ் எத்தனை என்பதைப் பகிரங்கமாக வெளியிட்டு, பழுது பார்த்து, ஒப்பந்தத் தொழிலாளருக்கு மூப்பு வரிசைப்படி, கூலியில் 5 சதவீதத்துக்கு மேற்படாத வாடகையில் கொடுக்க வேண்டும். சர்க்காரே எழுதிய கணக்குத்தானே! வீடு கொடுக்க முடியாத இடத்தில், உண்மை வாடகைக்கும் அந்த 5 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டு வாடகைப் படியாகக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்குப் பஸ் விட வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலையும் வீட்டு மனையும் கொடுத்த பிறகே அடுத்த வயலில் இயந்திரம் இறங்க வேண்டும்.

இவை தாமாக நடந்துவிடாது. மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் தெருத் தெருவாகக் குடியிருப்போர் கமிட்டிகள் அமைய வேண்டும். ஒவ்வொரு குடித்தனமும் தன் வாடகை, முன்பணம், மின்சாரம், தண்ணீர், கூலி இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதுவே நமது மகஜர். பேச்சுவார்த்தை மேஜையில் அந்தத் தாள்களை அடுக்கி வைப்போம்.

கணக்குப் போடப் பயந்தவனைத்தான் ஏமாற்ற முடியும். எல்லோரும் பென்சிலை எடுப்போம், தோழர்களே!